கைத்துப்பாக்கிப் பயிற்சியும் அதன் கால அளவும்

எக்கலைக்கும் அதனைக் கற்பதற்கென ஒரு கால அளவு உண்டு. நீந்தக் கற்பவன் ஒரு கோடை விடுமுறைக்குள் ஒருவாறு கற்றுவிடுவான். வீணை கற்பவனுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். கற்றுத் தேறாதவன் வீணையை மீட்டினால் கேட்போர் செவிகளுக்கே துன்பம். கற்றுத் தேறாதவன் கையில் கைத்துப்பாக்கி இருப்பின் அருகில் நிற்போர் உயிருக்கே துன்பம். ஆதலின், கைத்துப்பாக்கிப் பயிற்சி எத்தனை நாள் இருத்தல் வேண்டும் என்னும் வினாவைச் சிறு வினாவென்று ஒதுக்குதற்கில்லை. அரை நாட் பாடம், ஒரு நாட் பாடம், மூன்று நாட் பாடம், ஐந்து நாட் பாடம் எனப் பலவகைப் பயிற்சிகள் உலகில் நடைபெறுகின்றன. இவற்றுள் எது எவர்க்கு ஏற்றது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுவோம்.

பூவராகப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஸ்ரீமுஷ்ணத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சியால் யாது பயன் எனச் சிலர் வினவலாம். பயன் உண்டு. நம் மாணவர்களிற் பலர் தேசிய மாணவர் படையிற் சேர்கின்றனர். சிலர் காவல் துறைக்கும், வனத் துறைக்கும், இராணுவத்திற்கும் செல்கின்றனர். இராணுவத்தினின்று ஓய்வு பெற்றோர் வங்கிகளிற் காவலராய் அமர்கின்றனர். குறிபார்த்துச் சுடுதலை விளையாட்டாகப் பயில விரும்பும் இளைஞரும் இளம்பெண்களும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். 1999-ஆம் ஆண்டில் நம் மாவட்டத் தலைநகராகிய கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

முதற்கண் சட்டத்தின் நிலையைச் சிறிது அறிதல் நலம். ஆங்கிலேயர் 1878-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் நாடு விடுதலை பெற்ற பின்னும் சில காலம் நிலவியது. அதற்கு மாற்றாக 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் பிறந்தது. இச்சட்டம் துப்பாக்கிகள் அனைத்தையும் ஒரே கண்ணால் நோக்கவில்லை. பாதுகாப்பிற்கோ விளையாட்டிற்கோ வேண்டப்படும், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலையுடைய வழுவழுப்பான உட்புறங்கொண்ட நீள்துப்பாக்கிக்கும், பயிர்க் காவலுக்கெனக் கேட்கப்படும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் ஒருவகை விதி. ஏனையவற்றிற்கு மற்றொரு வகை விதி. கைத்துப்பாக்கி இரண்டாம் வகையில் அடங்கும். அதனைக் கேட்பவன் தக்க காரணம் காட்டி அதிகாரியின் மனம் நிறைவு கொள்ளும்படி செய்தல் வேண்டும். 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கியை உடைமையாகக் கொள்ள இயலாது. 2019-இல் நிகழ்ந்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது; லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது.

நம் பொருளுக்கு இன்றியமையாதது 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளாகும். லைசென்ஸ் வேண்டுவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டுமென அவ்விதிகள் கூறுகின்றன. ஆயுதத்தைத் தீங்கின்றிக் கையாளுதல், சுடும் முறை, ஆயுதத்தையும் தோட்டாக்களையும் பேணுதல், அவற்றைப் பத்திரமாக வைத்தலும் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதலும் என்பவை அப்பயிற்சியின் உறுப்புக்கள். இவ்வளவையும் கற்றதற்குச் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். சான்றிதழ் பெறுதல் வேறு, திறம் பெறுதல் வேறு என்பதை மட்டும் இங்கே குறித்து மேற்செல்வோம்.

கைத்துப்பாக்கியைக் கற்பது நீள்துப்பாக்கியைக் கற்பதினும் அரிது. உருவம் சிறிதாயிருத்தலின் எளிதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. குறி பார்ப்பதற்குத் துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு பிளவும், முன்புறத்தில் ஒரு முனையும் அமைந்துள்ளன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிய கைத்துப்பாக்கியில் 15 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். முனை தன் நேர்நிலையினின்று ஒரு மில்லிமீட்டர் பிறழுமாயின், 10 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 67 மில்லிமீட்டர் விலகி விழும். அவ்விடைவெளி 60 சென்டிமீட்டராயுள்ள நீள்துப்பாக்கியில் அதே பிழைக்கு விலகல் 17 மில்லிமீட்டர்தான். அன்றியும், நீள்துப்பாக்கி தோளில் அழுந்தி, இரு கைகளிலும் கன்னத்திலும் சார்ந்து நிற்கும். கைத்துப்பாக்கிக்குக் கையையன்றி வேறு சார்பு இல்லை. கை நடுங்கினால் குறியும் நடுங்கும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. நீள்துப்பாக்கியின் குழல் எப்பக்கம் நோக்குகிறது என்பது பத்தடி தூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும். கைத்துப்பாக்கியோ மணிக்கட்டின் சிறு திருப்பத்தால் அருகிலிருப்பவன் மார்பை நோக்கிவிடும். வைத்திருப்பவனே அதனை அறியான். பின்னால் நிற்கும் ஆசிரியரிடம் ஐயம் ஒன்றைக் கேட்கத் திரும்பும் மாணாக்கன், தன் கையிலுள்ளதையும் உடன் திருப்புகிறான். பயிற்சிக் களத்தில் ஆசிரியர்கள் மிகுதியும் அஞ்சுவது இதற்கே.

பிஸ்டல், ரிவால்வர் என்னும் இருவகைக்கும் உள்ள வேறுபாட்டையும் கற்பவன் அறிதல் வேண்டும். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். உருளையைத் திறந்தால் எத்தனை உள்ளன என்பது கண்ணுக்குத் தோன்றும். தானாகத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் செருகப்படும் பெட்டியில் இருக்கும். அப்பெட்டியை உருவிவிட்டால் ஆயுதம் வெறுமையாயிற்று என எண்ணுபவர் பலர். குழலின் அடியில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே தங்கியிருக்கக்கூடும். அவ்வொன்றே உயிரைக் குடிக்கப் போதும். பெட்டியை முதலில் உருவுதல், பின்பு மேற்பாகத்தைப் பின்னிழுத்துக் குழலடியைக் கண்ணாலும் விரலாலும் சோதித்தல் என்னும் ஒழுங்கு ஒருநாளும் மாறலாகாது.

இனி, கற்கவேண்டியவை எவை என்று தொகுத்துக் காண்போம். அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்துப் பரப்பிய நான்கு பாதுகாப்பு விதிகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. துப்பாக்கி எதனையும் தோட்டா ஏறியதாகவே கருதுக என்பது ஒன்று. அழிக்க விரும்பாத எதனையும் குழல் நோக்கலாகாது என்பது இரண்டு. குறி இலக்கிற் பொருந்தும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது என்பது மூன்று. இலக்கு இன்னதெனவும் அதன் பின்னால் நிற்பது இன்னதெனவும் அறிந்தே சுடுக என்பது நான்கு. இந்நான்கையும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆயின், மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போதும், அச்சத்தால் நெஞ்சு படபடக்கும்போதும், விரல் தானே விசைக்கு வெளியே நிற்கவேண்டுமே! அறிவு பழக்கமாக மாறுவதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதே நம் வினாவின் உயிர்நிலை.

இப்போது பாடங்களின் கால அளவை ஒவ்வொன்றாக நோக்குவோம். அரை நாட் பாடம் அறிமுகமேயாகும். ஆயுதத்தின் உறுப்புக்கள், நான்கு விதிகள், தோட்டா ஏற்றுதலும் இறக்குதலும், சில குண்டுகள் சுட்டுப் பார்த்தல் ஆகிய இவ்வளவே அதற்குள் அடங்கும். வீட்டில் ஒருவர் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வைத்திருக்க, அதனைத் தாம் தொடாதிருக்கவும், தீங்கு நேராமற் காக்கவும் விரும்பும் ஏனையோர்க்கு இது பொருத்தமானது. துப்பாக்கி வாங்கலாமா வேண்டாமா என ஐயுறுபவர்க்கும் இது நன்று. அரை நாட் பாடத்தின் முடிவில், இப்பொறுப்பு நமக்கு வேண்டாம் என ஒருவர் தெளிந்து விலகுவாராயின், அவர் செலவிட்ட பணமும் பொழுதும் வீணாயின என்று யாம் கூறமாட்டோம். ஆயுதத்தை இடுப்பில் அணிந்து பணிபுரிய விரும்புபவனுக்கோ இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒரு நாட் பாடம் சான்றிதழுக்குப் போதியதாகப் பல இடங்களிற் கருதப்படுகிறது. அதன் குறை யாதெனில், கற்பவன் பிழையைக் கண்டுகொள்ளும் நேரத்தில் பாடம் முடிந்துவிடுதலாம். புதியவன் சுடும்போது ஓசைக்கும் அதிர்ச்சிக்கும் அஞ்சி, வெடிக்கும் முன்னரே கண்ணை இறுக மூடுகிறான். மணிக்கட்டைக் கீழே தள்ளுகிறான். குண்டு இலக்கிற்குக் கீழே விழுகிறது. இப்பிழையை அவன் தானே உணரான். ஆசிரியர் அவனறியாமல் தோட்டாக்களிடையே ஒரு போலித் தோட்டாவை வைத்துக் கொடுப்பார். வெடிக்காத அத்தோட்டாவின்மேல் விசை விழும்போது துப்பாக்கியின் முனை தாழ்வதை அவன் தன் கண்ணாலேயே காண்பான். கண்டபின் திருத்திக்கொள்ள நாட்கள் வேண்டும். முதல் நாளிற் பிழை வெளிப்பட்டு இரண்டாம் நாள் இல்லாதொழிந்தால், அவன் பாதிக் கிணறு தாண்டியவனாவான்.

இரண்டு அல்லது மூன்று நாட் பாடத்தில் இவ்வாய்ப்பு உண்டு. முதல் நாட் கற்றதை இரவு கழிந்தபின் மறுநாட் காலையில் நினைவினின்று செய்து காட்டும்படி ஆசிரியர் கேட்கலாம். நேற்றுச் சரியாகச் செய்தவன் இன்று தடுமாறுவதை இருவரும் காண்பர். தன்னால் மறக்கப்பட்டது எது என அறிதலே கல்வியிற் பெரும்பகுதி. லைசென்ஸுடன் கைத்துப்பாக்கி வைத்திருக்கப்போகும் ஒருவர்க்கு இதனிற் குறைந்த பாடத்தை யாம் பரிந்துரைக்கத் துணியோம்.

ஐந்து நாட் பாடம் தொழிலாகக் கொள்பவர்க்கு உரியது. மேற்கூறிய கூப்பர் 1976-இல் அரிசோனாவில் நிறுவிய பயிற்சிப் பள்ளியின் அடிப்படைப் பிஸ்டற் பாடம் ஐந்து நாட்களைக் கொண்டது. உறையினின்று எடுத்தல், நகர்ந்து சுடுதல், ஆயுதம் இடையில் நின்றுவிடின் சரிசெய்தல், சுடவேண்டாத இடத்திற் சுடாமலிருத்தல் முதலியன இத்தகைய பாடத்திற்குள் அடங்கும். ஆயினும், அடிப்படை அறியாதவன் நேரே இதனுட் புகுவது நன்றன்று. மூன்றாம் நாளில் அவன் தோளும் விரலும் சோரும், கவனம் குன்றும், கவனம் குன்றிய கையில் விபத்து விளையும். நீண்ட பாடம் எப்போதும் நல்ல பாடம் என்னும் எண்ணமும் பிழையே.

சட்டம் குறிக்கும் மணிக்கணக்கு நமக்கு வழிகாட்டுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸுக்கு இல்லினாய் மாநிலம் 16 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. டெக்சாஸ் மாநிலத்து லைசென்ஸுப் பாடமோ 4 முதல் 6 மணி நேரத்தில் முடிகிறது. மாநிலத்திற்கு மாநிலம் மனிதர் கைவிரல்கள் வேறுபடுவதில்லை. சட்டமன்றங்கள் இசைந்த மிகக் குறைந்த அளவே இவ்வெண்கள். ஒரு மனிதன் கற்றுத் தேறும் காலத்தை இவை காட்டா.

நாட்களின் எண்ணிக்கையினும் அவை பரவி நிற்கும் முறை முக்கியமானது. 1978-இல் பேட்லி, லாங்மன் என்னும் இருவர் இங்கிலாந்தின் அஞ்சல் ஊழியர்க்குத் தட்டச்சு கற்பித்த முறைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே பயின்றவர்கள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களை நோக்கக் குறைந்த மொத்த மணிகளிலேயே தேர்ந்தனர். வியப்பு யாதெனில், நன்கு கற்ற அவர்களே தம் பயிற்சி முறையிற் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். தாம் பின்தங்குவதாகக் கருதினர். விரைவாகச் செல்வதுபோல் தோன்றுவது விரைவாகக் கற்பது ஆகாது என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வுண்மையை அறிய நம்மவர் இங்கிலாந்து வரை செல்லவும் வேண்டா. பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலம் நமக்கு அண்மையில் உள்ளது. வனைந்த பாண்டத்தை உடனே சூளையில் இடுவாருண்டோ? உள்ளிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல உலரவேண்டும். அவசரப்பட்டுத் தீயில் இட்டால் ஈரம் ஆவியாகிப் பாண்டத்தைப் பிளந்துவிடும். பாண்டம் வெறுமனே காத்திருப்பதுபோலத் தோன்றும் அந்நாட்களும் தொழிலின் ஒரு கூறே. அதுபோலவே, ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் இடையேயுள்ள நாட்களும் பயிற்சியின் ஒரு கூறாம்.

இம்முறையை நம் நாட்டு மாணவர் படை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. 1920-ஆம் ஆண்டின் சட்டத்தால் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை தோன்றிற்று. 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் இயற்றப்பட்டது. கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டு பயின்று ‘பி’ சான்றிதழையும், மூன்றாம் ஆண்டில் ‘சி’ சான்றிதழையும் அடையலாம். பத்து நாட் கூடாரப் பயிற்சியும் உண்டு. அவர்கள் பழகும் ஆயுதம் .22 ரைபிள் எனினும், வாரந்தோறும் சிறிது, ஆண்டில் ஒருமுறை தொடர்ந்து சில நாள் என்னும் அவ்வமைப்பு கைத்துப்பாக்கிக்கும் பொருந்துவதே.

விளையாட்டாகப் பயில்வோர்க்குக் காற்றுப் பிஸ்டல் நல்ல தொடக்கம். 10 மீட்டர் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுகள் 60-ஐ 75 நிமிடத்துள் சுடவேண்டும். பத்து மதிப்பெண் பெறும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். இப்பாதையில் நாட்கணக்கு இல்லை, ஆண்டுக்கணக்கே உண்டு. மனு பாக்கர் 2021-இல் டோக்கியோவில் தம் பிஸ்டல் பழுதுற்றதால் இடர்ப்பட்டுப் பதக்கமின்றித் திரும்பினார். 2024-இல் பாரிஸில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து ஒன்றுமாக இரு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளின் பயிற்சியை எந்த வாரப் பாடமும் தந்திருக்க முடியாது.

ஸ்ரீமுஷ்ணத்தாருக்கு மற்றோர் இடையூறும் உண்டு. ரைபிள் கிளப்புகள் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய பெருநகரங்களில் உள்ளன. ஒரு மணி நேரப் பயிற்சிக்காக ஒரு நாள் முழுதும் பிரயாணம் செய்தல் பலர்க்கு இயலாது. அவர்க்கு யாம் கூறும் வழி இது: இரண்டு நாட் பாடம் ஒன்றை முதலில் முடித்துக்கொள்க, இரண்டு மூன்று திங்கள் கழித்து மீண்டும் ஒரு நாள் சென்று பிழைகளைத் திருத்திக்கொள்க, அதன்பின் ஆண்டில் இருமுறையேனும் களத்திற்குச் செல்க. தொடர்ந்து ஐந்து நாள் சென்று பின் ஐந்தாண்டு எட்டிப் பாராதிருப்பதினும் இது மேலானது. லைசென்ஸ் உடையோர் இடைக்காலத்தில் வீட்டில் வெற்றுத் துப்பாக்கியால் விசையிழுத்துப் பழகலாம். ஆயின், தோட்டாக்கள் வேறோர் அறையிற் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்; குழலடியை இருமுறை சோதித்தல் வேண்டும்; கெட்டியான சுவரையே நோக்கிப் பழகவேண்டும். .22 வகையிற் சில ஆயுதங்களின் ஊசி இப்பழக்கத்தாற் சேதமுறுமாதலின், முன்னரே ஆசிரியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

விளம்பரத்திற் காணும் நாட்கணக்கை அவ்வாறே நம்புதலும் கூடாது. ஒரு நாட் பாடத்தில் இருபது பேர் சேர்ந்துள்ளனர், சுடுமிடம் இரண்டே, சுடுவதற்கு ஒதுக்கிய நேரம் ஐந்து மணி என வைத்துக்கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் சேர்த்து 600 நிமிடம். தலைக்கு 30 நிமிடம். ஒரு நாட் பாடம் என்று பெயர். கையிற் கிடைப்பது அரை மணி. ஆதலின், ஓர் ஆசிரியர்க்கு எத்தனை மாணாக்கர், ஒவ்வொருவர்க்கும் எத்தனை தோட்டா, இறுதியில் தேர்வு உண்டா, தேறாதவனைத் தேறவில்லை என்று சொல்லும் துணிவு ஆசிரியர்க்கு உண்டா என்பவற்றைக் கேட்டறிந்தே பணம் கட்டுக. எவரையும் தவறவிடாத தேர்வு எவரையும் காப்பாற்றாது.

பயிர்க் காவலுக்கெனத் துப்பாக்கி வேண்டும் உழவர்க்கும் ஒரு சொல். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருத்தல் வேறு. விலங்கைச் சுடுதற்கு அனுமதி இருத்தல் வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிக் காட்டுப்பன்றியைச் சுட்டவன், லைசென்ஸைக் காட்டித் தப்ப இயலாது. இருளில் அசைவது பன்றியோ பக்கத்து வயற்காரனோ எனத் தெளியாமற் சுடுதலின் கேட்டை நான்காம் விதி முன்னரே உரைத்துள்ளது.

எத்துணை நாள் கற்பினும், இல்லத்தில் ஆயுதத்தை வைக்கும் முறையிற் பிழை நேரின் கற்றதெல்லாம் பயனிலதாகும். குழந்தையின் கைக்கு எட்டும் தலையணைக் கீழும், திறந்த அலமாரியும் துப்பாக்கிக்கு இடமல்ல. ஆயுதம் ஒரு பூட்டிலும் தோட்டா மற்றொரு பூட்டிலும் இருத்தல் வேண்டும். வீட்டில் மனம் நொந்தோ, குடியால் நிலை தடுமாறியோ ஒருவர் இருப்பின், அவர் தெளியுங்காறும் அவ்வில்லத்தில் ஆயுதம் இல்லாதிருப்பதே அறம். ஒரு கணத்தின் துயரத்தை ஒரு வாழ்நாளின் இழப்பாக்கும் வல்லமை இச்சிறு கருவிக்கு உண்டு.

ஆகவே, அறிந்துகொள்ள விரும்புபவர்க்கு அரை நாள். உடைமையாகக் கொள்பவர்க்கு இரண்டு மூன்று நாளும் இடைவிட்டுத் தொடரும் பயிற்சியும். தொழிலாகக் கொள்பவர்க்கு அடிப்படை தேர்ந்தபின் ஐந்து நாளும் அதற்கு மேலும். விளையாட்டாகக் கொள்பவர்க்குப் பல ஆண்டுகள் என்பது நம் துணிபு. மாணவ நண்பர்காள்! நும்மில் எவரேனும் இப்பயிற்சியை நாடிச் செல்வீராயின், எத்தனை நாளில் முடியும் என்று கேளாதீர். முடிந்தபின் எம் பக்கத்தில் நிற்பவன் அச்சமின்றி நிற்கலாமா என்று கேளுங்கள். அதற்கு ஆசிரியர் ஆம் என்று தயங்காது விடைகூறும் நாளே நும் பயிற்சியின் முதற் கட்டம் நிறைவேறிய நாளாகும்.